மீட்டர் முள் ஏற மாட்டேன் என்கிறது

கேள்வி: அண்ணா, கேத்தியிலிருந்து கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டுகிறேன். 2012 மாடல் டீசல் லாரி. மூன்று மாதமாக டெம்பரேச்சர் மீட்டர் முள் கால்வாசியைத் தாண்டுவதே இல்லை. காலையில் வெள்ளைப் புகை வெகுநேரம் வருகிறது, டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது. 'இன்ஜின் சூடாகாமல் இருந்தால் நல்லதுதானே, விடு' என்கிறார்கள். விடலாமா?
— ஒரு வாசகர், கேத்தி

பதில்: விடாதீர்கள் தம்பி. டீசல் இன்ஜினுக்கு 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அது இல்லாவிட்டால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல், பிஸ்டன் ஓடும் லைனர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் போய்ச் சேரும். பிஸ்டன் ரிங்கும் லைனரும் சத்தமில்லாமல் தேயும்.

முதலில் ஒன்று. லோடோடு குன்னூரிலிருந்து பர்லியாறுக்கு இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் காலே இருக்காது, முள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரும்பி வரும்போது கல்லாறு தாண்டி ஏற்றத்தில் பாருங்கள். அங்கேயும் கால்வாசியில்தான் நிற்கிறது என்றால் கோளாறு உறுதி.

மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட் அளவைப் பாருங்கள். கூலன்ட் குறைந்து, சூட்டை அளக்கும் சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் கீழேயே கிடக்கும். உள்ளே இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் எதையும் கழற்றும் முன் இதைப் பார்க்கச் சொல்வேன்.

அளவு சரியாக இருந்தால் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபேனில் கை படாமல், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் வால்வு. அது நன்றாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் சில்லென்று இருக்கும், அப்புறம் திடீரென்று சூடு பாயும். முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகி வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை.

இல்லாமலும் இருக்கும் தம்பி, நான் பார்த்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஏற்றும் லாரி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அடியில் மோர் நிறத்தில் குழகுழவென்று ஒட்டியிருந்தது. ஹெட் கேஸ்கட் போய், கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று வேறொரு இடத்தில் சொல்லி ஓனரைப் பயமுறுத்தியிருந்தார்கள். ஆனால் கூலன்ட் சொட்டுகூடக் குறையவில்லை. தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கைத் திறந்தேன், உள்ளே காலி. ஏதோ ஒரு கோடையில் ஹீட் ஆகிறது என்று யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். இன்ஜின் சூடேறாததால் உள்ளே வேர்த்த ஈரம்தான் ஆயிலோடு கலந்து அப்படி ஆகியிருந்தது. புதிது மாட்டி ஆயிலை மாற்றினேன், அப்புறம் அந்தக் குழகுழப்பு வரவில்லை.

கழற்றிவிட்டால் ஹீட் ஆகாது என்ற நம்பிக்கையும் தவறு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும். சமதளத்தில் குளிர்ந்து ஓடும் அதே வண்டி, ஏற்றத்தில் லோடோடு கொதிக்கும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சோதிப்பது நல்ல பழக்கம்தான். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். முழுதாகத் திறக்க 95 வரை ஆகலாம். ஆனால் குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், உங்கள் கேத்தியில் அதற்கும் முன்பே. முழுதாகத் திறக்கவில்லையே என்று நல்ல தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பச்சைத் தண்ணீரிலேயே வாய் திறந்து கிடந்தால்தான் அது வீண்.

ஹோஸ் சரியாக நடந்துகொண்டு முள் மட்டும் ஏறாவிட்டால் சென்சார் கனெக்டரைப் பாருங்கள். நம் மலைப் பனிக்கு அதில் பச்சை பூத்துவிடும். கரன்ட் சரியாகப் போகாமல், இன்ஜின் குளிர்ந்திருப்பதாக மீட்டர் காட்டும். வேண்டும்போது மட்டும் ஃபேனை வேகமாகச் சுழற்றும் ஃபேன் கிளட்ச் இறுகி, ஃபேன் எந்நேரமும் இரைந்தாலும் டீசல் வீணாகும், ஆனால் அது மட்டும் உங்கள் கோளாறுக்குக் காரணமாக இருக்காது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தெர்மோஸ்டாட்தான் என்று நினைக்கிறேன். புதிதை மாட்டும்போது தட்டில் உள்ள சின்னத் துளை மேல்பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேற அதுதான் வழி. ஆயில் கேஜ் கம்பியை உருவி மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால், அளவு ஏறியிருந்தால், ஆயிலையும் ஃபில்டரையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.