இருபது வருட ஐந்து ஸ்டாரும் ஒரே நாள் ஒரு ஸ்டாரும்

கேள்வி: ஆபீஸ் மெயில், சொந்த மெயில், குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று என மூன்று கணக்கு வைத்திருக்கிறேன். பிரௌசரில் மாறி மாறித் திறந்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க தண்டர்பேர்ட் என்கிற மெயில் நிரலைப் போடலாம் என்று ரிவ்யூ தேடினால் தலை சுற்றுகிறது. ஒருவர் "இருபது வருடமாக இதுதான்" என்று ஐந்து ஸ்டார் போடுகிறார். அடுத்தவர் "குப்பை, பாஸ்வேர்டைக்கூட ஏற்கவில்லை" என்று ஒரு ஸ்டார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் ஸ்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு வந்தது 2004 டிசம்பரில். 2012-ல், இதை உருவாக்கிய மொஸில்லா, இதில் போடும் உழைப்பைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது. "இது செத்துப்போன மென்பொருள், வேறு பாருங்கள்" என்கிற மாதிரி ரிவ்யூக்கள் அந்தக் காலத்துச் சரக்கு. 2020-ல் மொஸில்லா அறக்கட்டளையின் கீழ் தனி நிறுவனமாகப் பிரித்தார்கள், நன்கொடைப் பணத்தில் ஓடுகிறது, அதற்கப்புறம் ஆளும் வேலையும் கூடியிருக்கிறது. அதே 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பில், கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் பழைய ஆட்-ஆன்கள் பல வேலை செய்யாமல் போயின, அவற்றையே நம்பி இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். 2023-ல் 115-ஆம் பதிப்பில் முகப்பையே மாற்றினார்கள். வருடக்கணக்காகக் கை தானாகப் போன இடத்தில் பட்டன் இல்லை என்றால் யாருக்கும் கோபம் வரும்தான், ஆனால் இன்று புதிதாக வருகிற உங்களுக்கு அந்தக் கோபத்தால் ஒரு உபயோகமும் இல்லை.

"பாஸ்வேர்டை ஏற்கவில்லை" ரகம் தனி. 2022 மே 30 முதல் கூகுள், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிக்கொண்டு உள்ளே வரும் நிரல்களைச் சாதாரணக் கணக்குகளில் நிறுத்தியது. மைக்ரோசாப்ட் தன் தனிநபர் மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் அதையே செய்தது. பூட்டை மாற்றியது மெயில் கொடுப்பவர், ஸ்டார் இழந்தது மெயில் நிரல். தீர்வு என்னவோ சின்னதுதான்: அக்கவுண்ட் செட்டிங்ஸில் போய் சர்வர் பகுதியில் அங்கீகார முறையை ஓஆத்2 என்று மாற்றினால், உங்கள் மெயில் நிறுவனத்தின் லாகின் ஜன்னல் திறக்கும், அங்கே பாஸ்வேர்ட் கொடுத்தால் முடிந்தது. இதில் பலர் கோட்டை விடுவது அனுப்பும் சர்வரில். உள்ளே வரும் மெயிலுக்கு மட்டும் மாற்றிவிட்டு, வெளியே போகும் எஸ்எம்டிபி சர்வருக்கு மாற்றாமல் விட்டுவிடுவார்கள். அப்புறம் "மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது" என்று இன்னொரு ஒரு ஸ்டார். கூகுள் லாகின் ஜன்னல் பாதியில் நின்றால், தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் குக்கீயை ஏற்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபீஸ் கணக்கு எக்ஸ்சேஞ்ச் என்கிற மைக்ரோசாப்டின் ஆபீஸ் மெயில் சர்வரில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஆட்-ஆன் இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் மெயிலை நேரடியாக எடுக்கும் வசதி 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பில்தான் வந்தது, அதுவும் மெயில் மட்டும், காலண்டர் அப்போது சேரவில்லை. அதற்கு முந்தைய ரிவ்யூவில் "ஆபீஸுக்கு ஆகாது" என்று இருந்தால் அது அன்றைக்குச் சரி. இன்றைக்கும் உங்கள் ஆபீஸ் ஐடி ஆட்கள் வெளி நிரல்களைத் தடுத்து வைத்திருக்கலாம், முதலில் அவர்களைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் குறை சொல்பவர்கள் எல்லாருமே விவரம் தெரியாதவர்களா? "ஒரே நாளில் என் இன்பாக்ஸ் மொத்தமும் காணோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது.

பதில்: இல்லை, இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். இந்த மாதிரி ரிவ்யூதான் காசு கொடுத்தாலும் கிடைக்காதது.

தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதையும் எம்பாக்ஸ் என்கிற வடிவில் ஒரே ஃபைலாகச் சேமிக்கிறது. இன்பாக்ஸில் பல ஆயிரம் மெயில் இருந்தாலும் டிஸ்க்கில் அது 'இன்பாக்ஸ்' என்று ஒற்றை ஃபைல். அதற்குள் எங்கோ ஒரு வைரஸ் இணைப்பு இருப்பதை ஆன்ட்டிவைரஸ் கண்டுபிடித்தால், அந்த ஒரு மெயிலை மட்டும் எடுக்கத் தெரியாமல் ஃபைலையே தூக்கித் தனிமையில் போட்டுவிடக்கூடும். நீங்கள் காலையில் திறந்தால் இன்பாக்ஸ் காலி. மெயிலை சர்வரிலேயே வைத்துக்கொண்டு பார்க்கும் ஐமேப் முறையில் இருந்தால் சர்வரில் மெயில் பத்திரமாக இருக்கும், மறுபடி இறங்கிவிடும். பாப் முறையில் இறக்கிக்கொண்டு சர்வரில் அழிக்கும்படி வைத்திருந்தால்தான் ஆபத்து. மூன்று கணக்கையும் ஐமேப்பில் போடுங்கள், மெயில் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஆன்ட்டிவைரஸ் தொடாதபடி விலக்கி வையுங்கள், அந்த ஃபோல்டரை அவ்வப்போது வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

"எவ்வளவு அழித்தாலும் டிஸ்க்கில் இடம் குறையவில்லை" என்ற புகாரும் இதே எம்பாக்ஸ் குணம்தான். மெயிலை அழித்தால் அதன்மேல் ஒரு அடையாளம் மட்டும் விழுகிறது, 'காம்பாக்ட்' செய்யும்போதுதான் ஃபைல் நிஜமாகச் சுருங்கும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தால் அந்த வசதி இருக்கிறது. இதையெல்லாம் சாதாரண ஆள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்வி. என் கணக்கில் அதற்கு அரை ஸ்டார் குறைக்கலாம்.

இதனால்தான் போட்ட முதல் வாரத்திலேயே எழுதப்பட்ட ஐந்து ஸ்டாரை நான் கண்டுகொள்வதில்லை. மெயில் நிரலின் வண்டவாளம் மெயில் குவிந்த பிறகுதான் தெரியும். பழைய மெயிலைத் தேடினால் கிடைக்கிறதா, கம்ப்யூட்டர் மாற்றியபோது எல்லாம் கூடவே வந்ததா என்று சொல்லும் ரிவ்யூ மூன்று ஸ்டார் என்றாலும் உட்கார்ந்து படிப்பேன்.

கேள்வி: இலவசம் என்றாலே நம் மெயிலைப் படிக்கிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். காசு கொடுத்தே வாங்கிவிடலாமா?

பதில்: இலவசமா என்பதைவிட, மெயில் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். தண்டர்பேர்டில் உங்கள் கம்ப்யூட்டரும் மெயில் சர்வரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன, நடுவில் அவர்கள் சர்வர் இல்லை. விண்டோஸின் புதிய அவுட்லுக்கில் வேறு நிறுவனத்தின் மெயில் கணக்கைச் சேர்த்தால், மெயிலின் நகல் மைக்ரோசாப்ட் கிளவுடுக்குப் போகும். மறைத்துச் செய்வதில்லை, கணக்கைச் சேர்க்கும்போது அறிவிப்பு வரும், நாம்தான் படிக்காமல் 'தொடர்க' அமுக்குகிறோம். சந்தா இல்லாதவர்களுக்கு விளம்பரமும் வரும். பழைய விண்டோஸ் மெயிலுக்கான ஆதரவு 2024 கடைசியோடு முடிந்ததால், கேட்காமலே இதற்குத் தள்ளப்பட்டவர்கள் ஏராளம். அதன் ரிவ்யூக்களில் தெரியும் எரிச்சலில் ஒரு பங்கு அந்தக் கணக்கு.

காசு கொடுப்பதில் தப்பில்லை, ஈஎம் கிளையன்ட் மாதிரி நல்ல நிரல்கள் இருக்கின்றன. அதற்கு இலவசப் பதிப்பும் உண்டு, ஆனால் எத்தனை கணக்கு சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், வணிக உபயோகமும் கூடாது. மூன்று கணக்கு, அதில் ஒன்று ஆபீஸ் என்றால் உங்களுக்கு ஒத்துவராது. 'ஆயுள் உரிமம்' என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது இந்தப் பதிப்புக்கு மட்டுமா, இனி வரும் பதிப்புகளுக்குமா என்று விதிமுறையில் தேடிப் படியுங்கள். அப்புறம், ஆயுள் என்பது மென்பொருளின் ஆயுள், உங்களுடையது இல்லை. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த யூடோரா என்கிற மெயில் நிரலின் விற்பனையை குவால்காம் 2006-ல் நிறுத்தப்போவதாக அறிவித்தது. காசுக்கு விற்ற போஸ்ட்பாக்ஸையும் 2024-ல் ஈஎம் கிளையன்ட் வாங்கி, அதன் கதையை முடித்துவிட்டது.

ஆகவே எதைப் போட்டாலும், முதல் நாளே ஒரு ஃபோல்டரை எம்பாக்ஸாகவோ, மெயிலுக்கு ஒன்றாக வரும் இஎம்எல் ஃபைல்களாகவோ வெளியே எடுத்து, வேறொரு நிரலில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், எத்தனை ஸ்டார் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.