மகனுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் மகனுக்கு 19 வயது. என் அப்பா எனக்குச் செய்யாததையெல்லாம் அவனுக்குச் செய்தேன். ஓவர்டைம் பார்த்து ஃபீஸ் கட்டினேன். கேட்ட மறுமாதமே பைக். ஆனால் நான் ஹாலுக்கு வந்தால் அவன் எழுந்து அறைக்குப் போய்விடுகிறான். எது கேட்டாலும் 'ம்', 'தெரியல', அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும் மணிக்கணக்கில் பேச்சு. போன மாதம் வண்டியிலிருந்து விழுந்து முழங்கையில் தையல் போட்டிருக்கிறான். அது தெரியாமலிருக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிந்திருக்கிறான். எனக்குப் பிறகுதான் தெரியும். அது கிடக்கட்டும். மரியாதை என்று ஒன்று வேண்டாமா? என் அப்பாவை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவ்வளவு செய்தும் ஒரு நன்றி கிடையாது. பெற்றவன் என்பதற்கு என்னதான் அர்த்தம்?

இப்படிக்கு,
ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

ஃபீஸ், பைக், மரியாதை என்று விரிவாக எழுதிய நீங்கள், ஒன்றை மட்டும் 'அது கிடக்கட்டும்' என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அடிபட்ட பிள்ளை அதை உங்களிடம் மறைத்திருக்கிறான். உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று நினைக்கிறேன். நன்றியும் மரியாதையும் அதன்மேல் போர்த்திய போர்வை.

பெற்றோர் - குழந்தை பிணைப்பை ஆராய்ந்த மேரி எயின்ஸ்வொர்த்தின் ஆய்வு ஒன்று 1970இல் வெளிவந்தது. ஒரு வயதுக் குழந்தைகளைப் புதிய அறையில் விட்டுத் தாயைச் சற்று நேரம் வெளியே போகச் சொன்னார். தாய் போனதும் குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, அவள் திரும்பியதும் என்ன செய்தது என்பதைத்தான் அவர் உன்னிப்பாகப் பார்த்தார். சில குழந்தைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. சில, அவள் வந்ததையே கண்டுகொள்ளாமல் விளையாடிக்கொண்டிருந்தன. பின்னாளில் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது, உள்ளுக்குள் அவையும் பதறிக்கொண்டிருந்தது தெரிந்தது. 19 வயது வேறுதான். ஆனாலும் உங்கள் மகனின் 'ம்' எனக்குத் திமிராகப் படவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் உங்கள் உழைப்பு இருக்கிறது, உங்கள் அப்பா இருக்கிறார். அவனுக்கு வலித்திருக்குமே என்று ஒரு வரி இல்லை. நன்றியை எதிர்பார்க்கிறவர் முன்னால் பிள்ளை கடனாளியாகத்தான் நிற்பான். அடிபட்டுக்கொண்டு அங்கே எப்படி வருவான்? எதிர்த்தே பேசாத அப்பாவிடம், அந்த வயதில் அடிபட்டிருந்தால், நீங்கள் முதலில் போயிருப்பீர்களா? பெற்றவன் என்பதற்கு அர்த்தம் கேட்டீர்கள். அடிபட்ட அன்று பிள்ளை தேடி வருகிற ஆள் என்பேன்.

அவனை உட்காரவைத்துப் பேச வேண்டாம். போகிறபோக்கில் 'கை இப்போ எப்படிப்பா இருக்கு?' என்று கேளுங்கள். 'ஏன் எங்கிட்ட சொல்லல' என்றால் விசாரணையாகிவிடும். அவன் 'ம்' என்றுதான் சொல்வான். அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். வண்டியை மெதுவாக ஓட்டு என்றுகூடச் சொல்லாதீர்கள்.