போதகர் வீட்டுப் பிள்ளையும் ஞானஸ்நானமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிற்றூர் ஒன்றில் பாப்டிஸ்ட் சபைப் போதகராக இருக்கிறேன். அங்கத்தினர் அறுபது பேர். சபைக் கட்டடத்தை ஒட்டியே எங்கள் வீடு. இரண்டு மாதத்தில் ஞானஸ்நான ஆராதனை. என் மகளுடன் ஞாயிறு பள்ளியில் படிக்கும் மூன்று பிள்ளைகளும், பெரியவர் ஒருவரும் எடுக்கிறார்கள். மகளுக்கு 14 வயது. கேட்டபோது "இன்னும் இல்லப்பா" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் சபை நிர்வாகத்தில் உதவும் டீக்கன் ஒருவர், "உங்க பொண்ணே எடுக்கலன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறார். 1 தீமோத்தேயு 3-ஐயும் எடுத்துக் காட்டினார். என் மனைவிக்கும் உள்ளூர அந்த வருத்தம் உண்டு. எங்கள் வீட்டில் யார் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். அதுதான் அவளை விலக வைத்ததோ என்று மனைவி கேட்கிறாள்.

இன்னொன்று. இதுவரை ஆற்றில்தான் கொடுத்து வந்தோம். இந்த முறை புதிதாகக் கட்டிய தொட்டி. எடுக்கப்போகும் பெரியவர் நல்ல கனமானவர். நான் ஒல்லி. அவரை எப்படித் தண்ணீரில் முழுக்கி எடுப்பது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள பாஸ்டர்,

உங்கள் மகள் சொன்னது நல்ல பாப்டிஸ்ட் பதில். அதை முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

1609-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் பாப்டிஸ்ட் சபையாகக் கூடிய ஜான் ஸ்மித்தும் அவரோடு இருந்த ஆங்கில அகதிகளும் குழந்தை ஞானஸ்நானத்தை விட்டதற்குக் காரணம் ஒன்றே. ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது. அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் பிறகு இங்கிலாந்து திரும்பினார். குடிகளின் ஆத்துமாவின் மேல் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதி, அதை முதலாம் ஜேம்ஸ் அரசருக்கே அனுப்பினார். நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டார். அரசனுக்கு இல்லாத அதிகாரம் அப்பாவுக்கும் இல்லை, டீக்கனுக்கும் இல்லை. உங்கள் சபை நிற்கும் அஸ்திவாரமே இதுதான். போதகர் வீட்டுக்கு மட்டும் அதில் விலக்கு கேட்க முடியாது.

டீக்கன் காட்டிய வசனத்தையும் பார்ப்போம். கண்காணி, அதாவது சபையை நடத்துகிறவன், தன் குடும்பத்தை நன்றாக நடத்துகிறவனாக இருக்க வேண்டும், பிள்ளைகள் கீழ்ப்படிகிறவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. வீட்டின் ஒழுங்கைப் பற்றிய பேச்சு. பிள்ளை எந்த வயதில் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அப்பாவின் பதவிக்காக ஒரு பெண் தண்ணீரில் இறங்கினால் அது அப்பாவுக்குக் கீழ்ப்படிதல். ஞானஸ்நானம் ஆகாது. அப்போஸ்தலர் 8-ல் ஞானஸ்நானம் எடுக்க "தடை என்ன?" என்று கேட்டவர் எத்தியோப்பிய மந்திரி. அவருக்கு உபதேசித்த பிலிப்பு கேட்கவில்லை. கேள்வி எடுப்பவர் வாயிலிருந்து வர வேண்டும்.

அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பது பழைய போதகர்களுக்குத் தெரியும். பதினான்கு வயதில் தோழிகளோடு சேர்ந்து எடுத்த பெண் பதினெட்டில் படிக்க வெளியூர் போவாள். அங்கே ஒரு நாள், அன்று நான் உண்மையாகத்தான் எடுத்தேனா என்ற கேள்வி வரும். சிலர் அந்தக் கேள்வியோடு சபையை விட்டு மெல்ல நழுவுகிறார்கள். சிலர் இருபத்தைந்து வயதில் திரும்பி வந்து மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பாப்டிஸ்ட் சபைகளில் இது அரிதல்ல. காத்திருந்தால் இழப்பது ஒன்றுமில்லை. நம் உபதேசப்படி தண்ணீர் இரட்சிப்பதில்லையே.

எனவே செய்ய வேண்டியது இது. டீக்கன்கள் கூட்டத்தில், ஆராதனைக்கு முன்பே, நேராகச் சொல்லிவிடுங்கள்: "என் மகள் கேட்கும்போது கேட்பாள். அதுவரை அவளிடம் யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்." பிரசங்க மேடையில் சொல்லாதீர்கள். அங்கே சொன்னால் அறுபது பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் மகளிடமும் ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "நீ இன்னும் இல்லைன்னு சொன்னது எனக்குச் சரி. இனி நானா கேட்க மாட்டேன். நீ எப்ப வேணா பேசலாம்." சொன்னபடி கேட்காமலும் இருங்கள். குடும்ப ஜெபத்தில் அவள் காது படும்படி "கர்த்தாவே, அவள் தீர்மானம் எடுக்கட்டும்" என்று ஜெபிப்பதும் கேட்பதுதான். அதைத் தனியே ஜெபியுங்கள்.

அவள் ஒரு நாள் கேட்டாள் என்றால், விசாரிப்பதை நீங்கள் செய்யக்கூடாது. சபையில் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், அவளோடு இரண்டு மூன்று முறை உட்காரட்டும். ஆம் என்று தலையாட்டி முடித்துவிடக்கூடிய கேள்விகள் வேண்டாம். "இயேசுவை நேசிக்கிறாயா?" என்றால் போதகர் வீட்டுப் பிள்ளை தூக்கத்திலும் ஆம் என்பாள். "ஏன் இப்போது?", "உன் அப்பா நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டால் என்ன செய்வாய்?", "உனக்குப் புரியாதது எது?" என்று கேட்க வேண்டும். பதிலில் மேடைச் சொற்கள் வந்தால், அதையே உன் சொந்த வார்த்தையில் சொல் என்று கேட்க வேண்டும். பிறகு சபைக் கூட்டத்தில் அவள் சாட்சி சொல்லி, அங்கத்தினர் ஓட்டுப் போடும்போது நீங்கள் தலைமை வகிக்க வேண்டாம். கூட்டத்தை மூத்த டீக்கனிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போங்கள். முகாம் முடிந்த வாரம், தோழிகள் எடுக்கும் தேதி, உங்கள் பணியேற்பு நினைவு நாள் இவற்றோடு அவள் தேதியை முடிச்சுப் போடாதீர்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அதுதான் உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி.

பாப்டிஸ்ட் சரித்திரத்தில் மிகவும் கொண்டாடப்படும் ஞானஸ்நானங்களில் ஒன்று 1800 டிசம்பர் 28 அன்று வங்காளத்தின் செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் நடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரி அன்று இருவருக்குக் கொடுத்தார். ஒருவர் தச்சர் கிருஷ்ண பால். மற்றவர் கேரியின் மூத்த மகன் பீலிக்ஸ், வயது 14. உங்கள் மகள் வயதுதான். பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டைப் பாருங்கள். கேரியின் மனைவி டொரத்தி முதலில் இந்தியாவுக்கு வரவே மறுத்தவர். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன் பின் டொரத்தியின் மனம் சிதைந்தது. 1807-ல் இறக்கும் வரை குணமாகவில்லை. கேரி மொழிபெயர்ப்பிலும் ஊழியத்திலும் மூழ்கியிருக்க, பையன்கள் கட்டுப்பாடின்றி வளர்ந்தார்கள். பீலிக்ஸின் மனதைத் தொட்டவர் அப்பா அல்ல. 1799-ல் வந்து சேர்ந்த அச்சுக்காரர் வில்லியம் வார்டு.

கேரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு விஷயங்களுக்காக எழுதுகிறேன். போதகரின் பிள்ளைக்குப் போதகர் அல்லாத ஒரு பெரியவர் தேவை. உங்கள் மகள் நம்பிப் பேசக்கூடிய ஒரு அக்காவோ ஆன்ட்டியோ சபையில் இருந்தால் அந்த உறவை வளர விடுங்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். இரண்டாவது, ஊழியம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வீட்டுக்குள் நடப்பதை அது ஈடுகட்டாது.

வீடு சபையை ஒட்டி இருப்பதால் கதவுதான் முதல் பிரச்சினை. ஆலோசனைக்கு வருபவர்களைக் கூடத்தில் உட்கார வைக்காதீர்கள். சபைக் கட்டடத்தில் ஒரு அறை, கதவில் கண்ணாடி, வாரத்தில் இரண்டு மாலை என்று நேரம் குறித்துப் பலகையில் எழுதுங்கள். கூடத்தில் பேசினால் பக்கத்து அறையில் படிக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கேட்கும். யார் கணவர் குடிக்கிறார், யார் கடனில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு ஞாயிறு அன்று அவர்களிடமே மிட்டாய் வாங்கும். பதினான்கு வயதுக்கு அது தாங்க முடியாத சுமை. சபை மீது பிள்ளைகளுக்கு வரும் வெறுப்பில் ஒரு பங்கு இப்படி ஒட்டுக்கேட்க நேர்ந்ததால் வருவது.

இரவு எட்டு மணிக்கு மேல் சபை எண்ணுக்கு வரும் அழைப்பை டீக்கன்கள் வாரம் ஒருவராக எடுக்கட்டும். மரணம், மருத்துவமனை, வீட்டில் அடிதடி இந்த மூன்றுக்கு மட்டும் உங்களைக் கூப்பிடட்டும். முதல் மாதம் முணுமுணுப்பு வரும். ஆறாவது வாரத்தில் நீங்களே ஒரு அழைப்பை எடுத்துவிடுவீர்கள், ஏற்பாடு அங்கேதான் உடையும். ஓய்வு நாளைத் திங்களில் வைக்காதீர்கள். அன்று உடம்பு களைத்துக் கிடக்கும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். சனிக்கிழமை பகல் முழுவதும் வீட்டுக்கு என்று வைத்து, பிரசங்கத்தை வெள்ளி இரவோடு முடிக்கப் பழகுங்கள். கடினம்தான். ஆனால் பிள்ளை வீட்டில் இருக்கும் நாளில்தான் அப்பாவும் இருக்க வேண்டும்.

பிரசங்கத்தில் மகளைப் பற்றிய கதை வேண்டவே வேண்டாம், அவள் சம்மதித்தாலும். சின்ன வயதில் அவள் சொன்ன அழகான வார்த்தைகூட இன்று அவளைக் கூசவைக்கும். உங்கள் மனைவியைப் பொறுத்தவரை, சபை சம்பளம் கொடுப்பது உங்களுக்கு. அவர் ஒரு ஓட்டுள்ள அங்கத்தினர். பெண்கள் கூட்டம், ஞாயிறு பள்ளி, பாடல் குழு மூன்றையும் அவர் தலையில் கட்டியிருந்தால், எதை விரும்பிச் செய்கிறார் என்று கேட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் உங்கள் சம்பளம் பேசப்படும்போது குடும்பத்தோடு வெளியே போய்விடுங்கள். நாலு பேர் அப்பாவின் சம்பளத்தை அலசுவதைப் பிள்ளை கேட்கக்கூடாது.

இனி தொட்டி. அளவு நீங்கள் எழுதவில்லை. உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் 1.05 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 2,500 லிட்டர் பிடிக்கும். அதாவது இரண்டரை டன். மேடை மரப்பலகையில் இருந்தால் பொறியாளரைக் காட்டாமல் நிரப்பாதீர்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் வரும் குழாயில் நிரப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 டிகிரி சூடேற்ற 6 கிலோவாட் ஹீட்டருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். யாரும் இறங்கும் முன் ஹீட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீரில் நிற்கும் எவரும் மைக்கைத் தொடக்கூடாது. 2005-ல் டெக்சாஸின் வேக்கோ நகரில் ஒரு பாப்டிஸ்ட் போதகர் தொட்டிக்குள் நின்றபடி மைக்கைச் சரிசெய்யப்போய், மின்சாரம் தாக்கி இறந்தார். நீங்கள் பேச வேண்டியதை உரக்கச் சொல்லுங்கள், சின்னக் கட்டடம், கேட்கும். முந்தின நாளே நிரப்பினால் தொட்டியைப் பூட்டிய மூடியால் மூடுங்கள். சபைக்கு வரும் குழந்தைகள் விழுந்து மூழ்க ஒரு நிமிடம் போதும்.

கனமானவரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தண்ணீருக்குள் அவரைத் தாங்குவது தண்ணீர்தான். அவர் முதுகை விறைப்பாக வைத்து, முழங்காலை மடக்காமல் மரம்போல் பின்னால் சாய்வதுதான் சிக்கல். அப்போது கால் மிதந்து மேலே வரும், இடுப்பு நழுவும், முகம் முழுகாது, உங்கள் முதுகு பிடிக்கும். எனவே முந்தின நாள் தண்ணீர் இல்லாமல் நாலு முறை பயிற்சி கொடுங்கள். அவர் சபையாருக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். தன் இரு கைகளையும் நெஞ்சில் சேர்த்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். உங்கள் ஒரு கை அவர் தோள்பட்டைகளுக்கு நடுவே, மற்றது அவர் கைகளின் மேல். நீங்கள் சொன்னதும் அவர் நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்க வேண்டும். கழுத்தளவு தண்ணீர் வந்த பிறகு நீங்கள் அவர் தலைப்பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்துச் சாய்த்தால் போதும். எழும்போது அவர் பாதத்தைத் தரையில் ஊன்றித் தானே எழுவார், நீங்கள் வழிகாட்டினால் போதும். முட்டிவலி உள்ளவரானால் ஒரு டீக்கன் மறுபக்கம் நிற்கட்டும். அல்லது அவர் மண்டியிட்டு முன்பக்கமாகக் குனியட்டும். அதுவும் முழுக்குதான்.

உடை வெள்ளையாக இருந்தால் நனைந்ததும் உள்ளே தெரியும். பாப்டிஸ்டுகளின் 1644-ன் லண்டன் விசுவாச அறிக்கையே முழுக்கைப் பற்றிச் சொல்லும் இடத்தில், கொடுப்பவரும் எடுப்பவரும் அடக்கமான தகுந்த உடையில் இருக்க வேண்டும் என்கிறது. கனமான அடர்நிறத் துணி, கீழ் ஓரத்தில் தைத்த சின்ன ஈயக்குண்டுகள், இரண்டும் இருந்தால் அங்கி மிதந்து மேலே வராது. படிக்கட்டில் வழுக்காத விரிப்பும் கைப்பிடியும் வேண்டும். அதிகம் விழுவது வெளியே வரும்போதுதான்.

தொட்டிக் கரையில் துண்டு பிடித்து நிற்கும் வேலையை வழக்கமாகப் போதகர் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் கொடுப்பார்கள். இந்த முறை வேறு இருவரிடம் கொடுங்கள். மூன்று தோழிகள் தண்ணீரிலிருந்து ஏறி வரும்போது உங்கள் மகள் சபையின் கண்ணெதிரே நிற்க வேண்டியதில்லை. அவளுக்குப் பிடித்த இடத்தில், பிடித்தவர்கள் பக்கத்தில் உட்காரட்டும்.