லொறி அனுமதிப்பத்திரமும் ஒன்பது புள்ளிகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிளிநொச்சியில் பல ஆண்டுகள் லொறி ஓட்டிய நான், பிரித்தானியாவுக்கு வந்தபின் கார் அனுமதிப்பத்திரம் பெற்று, இப்போது வானில் பொருள் விநியோகம் செய்கிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வேகமாக ஓட்டியதற்காக மூன்று தண்டப் புள்ளிகளும், சென்ற ஆண்டு வேலை நேரத்தில் கைத்தொலைபேசியைக் கையில் வைத்திருந்ததற்காக ஆறு புள்ளிகளும் பதிவாகின. ஒன்பது புள்ளிகளோடு லொறிக்கு விண்ணப்பித்தால் உடனே நிராகரித்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா, ஐயா?
– ஹரோ வாசகர் ஒருவர்

பதில்: ஒன்பது புள்ளிகள் இருப்பதாலேயே விண்ணப்பத்தை மறுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் சொல்லவில்லை. கார் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாக இருக்கும்வரை நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால், கார் ஓட்டுபவருக்கு இல்லாத ஒரு நிபந்தனையை அதே சட்டம் லொறிக்கும் பஸ்ஸுக்கும் விதிக்கிறது: விண்ணப்பிப்பவர் தமது நடத்தையால் அவ்வாகனத்தை ஓட்டத் தகுந்தவராக இருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் வழங்கும் அரச நிறுவனமான, சுவான்சியிலுள்ள டி.வி.எல்.ஏ. உங்கள் பதிவைப் பார்த்து ஐயம் கொண்டால், கோப்பைப் போக்குவரத்து ஆணையாளருக்கு அனுப்பும். அவர் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், விசாரணைக்கு அழைக்கலாம், அனுமதி கொடுக்கக் கூடாது என்றும் முடிவு செய்யலாம். அப்படி மறுக்கப்பட்டால் நீதவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய வழியுண்டு.

உங்கள் நண்பர்கள் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கிறார்கள்; ஆணையாளரோ அவை எதற்காகக் கிடைத்தன என்று பார்ப்பார். வேகத்துக்கான மூன்று புள்ளிகள் (பதிவில் எஸ்.பி.30) தனித்து நின்றால் பெரிய தடையாக இராது. கைத்தொலைபேசிக்கான ஆறு புள்ளிகள் (சி.யு.80) அப்படியல்ல. நாற்பது தொன் வாகனத்தை ஒப்படைக்கக் கேட்பவர், தொழிலுக்காக வான் ஓட்டும் வேளையிலேயே கவனத்தைத் தொலைபேசிக்குக் கொடுத்திருக்கிறார் என்பது ஆணையாளர்கள் கடுமையாக நோக்கும் விடயம். அழைக்கப்பட்டால் சாக்குச் சொல்லாமல், அதன்பின் என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்பதைச் சொல்லத் தயாராகச் செல்லுங்கள்.

அடுத்தது காலக் கணக்கு. பலர் குழம்புவது இதில்தான். மூன்று ஆண்டுகளுக்குள் நடந்த குற்றங்களுக்கான புள்ளிகள் பன்னிரண்டை எட்டினால் குறைந்தது ஆறு மாதத் தடை விதிப்பதே வழக்கம். இந்த மூன்று ஆண்டுகள், தீர்ப்பு வந்த நாளிலிருந்தல்ல, குற்றம் நடந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். ஆகவே இன்னும் ஆறு மாதத்துக்குள் ஒரேயொரு வேகக் கமராவில் சிக்கினாலும் உங்கள் கணக்கு பன்னிரண்டாகிவிடும். ஆறு மாதம் கடந்தபின் சிக்கினால் ஒன்பதோடு நிற்கும். பழைய மூன்று புள்ளிகள் அப்போதும் பதிவில் தெரியும், ஏனெனில் குற்றம் நடந்து நான்கு ஆண்டுகள் வரை அவை அழிக்கப்படுவதில்லை. ஆணையாளரும், காப்புறுதி நிறுவனமும், வேலை தருபவரும் அதைப் பார்ப்பார்கள்.

இதனால், அந்த ஆறு மாதத்தைப் பொறுத்திருந்து விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் கருத்து. லொறிப் பயிற்சிக்குப் பெருந்தொகை செலவாகும். பணத்தைக் கட்டியபின் நடுவழியில் தடை வந்தால் காருக்கான உரிமையோடு லொறிக்கான உரிமையும் போய்விடும். ஐம்பத்தாறு நாளோ அதற்கு மேலோ தடையானால் அனுமதிப்பத்திரத்தையே புதிதாகக் கேட்க வேண்டும். டி4 மருத்துவப் படிவத்தையும் இப்போதே நிரப்பிவிட வேண்டாம். மருத்துவர் ஒப்பமிட்டு நான்கு மாதம் கடந்தால் அது செல்லாது.

கிளிநொச்சி அனுபவம் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கைகொடுக்கும், படிவத்தில் கைகொடுக்காது. இலங்கை அனுமதிப்பத்திரத்தை இங்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இல்லாததால், ஏட்டுத் தேர்விலிருந்து நீங்களும் புதியவர்தான். லொறி கிடைத்தபின் இன்னொன்றையும் மறவாதீர்கள்: நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிட ஓய்வு என்ற விதியை மீறினால் புள்ளி விழாது, ஆனால் அது ஆணையாளரின் மேசைக்குச் செல்லக்கூடும்.

கேள்வி: என் மகன் சென்ற ஆண்டுதான் கார் தேர்வில் தேறினான். காப்புறுதி இல்லாத காரை ஓட்டியதற்காக இப்போது ஆறு புள்ளிகள். பதினெட்டு வயதாகிவிட்டது, லொறி பழகப்போகிறேன் என்கிறான். முடியுமா?
– ஈஸ்ட் ஹாம் வாசகி ஒருவர்

பதில்: இப்போதைக்கு முடியாது, அம்மா. 1995ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி, முதல் தேர்வில் தேறி இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த குற்றங்களால் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகும். இதில் நீதிமன்றம் இரக்கம் காட்ட இடமில்லை. இரத்துச் செய்வது டி.வி.எல்.ஏ. உங்கள் மகன் மீண்டும் பயிலுநராகி, ஏட்டுத் தேர்விலும் வாகனம் ஓட்டும் தேர்விலும் புதிதாகத் தேற வேண்டும். தேறியபின் தொழிற்சாரதிகளுக்கான சி.பி.சி. தகுதியோடு பதினெட்டு வயதிலேயே லொறிக்குச் செல்லலாம். ஆயினும் அந்த ஆறு புள்ளிகள் பதிவில் கூடவே வரும்.

கேள்வி: கமராவில் சிக்கியது நான். என் மைத்துனருக்குப் புள்ளிகளே இல்லை. ஓட்டியது அவர் என்று எழுதிக் கொடுத்தால் என் லொறி வேலை தப்புமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தப்பாது, இருவருமே சிறைக்குப் போகக்கூடும். அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன், 2003இல் தம் வேகக் குற்றத்துக்கான புள்ளிகளை அப்போதைய மனைவியின் பெயருக்கு மாற்றியதற்காக, 2013இல் எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். புள்ளிகளை ஏற்றுக்கொண்ட மனைவிக்கும் அதே எட்டு மாதம்தான். நீதிக்கு இடையூறு செய்த குற்றவாளியாக ஆணையாளர் முன் நிற்பதைவிட, மூன்று புள்ளிகளோடு நிற்பது எவ்வளவோ மேல். பொலிஸ் கடிதத்துக்குப் பதிலே எழுதாமல் விடலாம் என்றும் எண்ண வேண்டாம்: சாரதி யாரென்று இருபத்தெட்டு நாளுக்குள் சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம், எம்.எஸ்.90, ஆறு புள்ளிகள்.