எவோவா, எஸ்டிஐயா? தவணை ஒன்றுதான், ஆனால்...

கேள்வி: எனக்கு வயது 30. ஈசூனில் பெற்றோருடன் இருக்கிறேன். ஜூரோங் தீவில் பராமரிப்புப் பிரிவில் வேலை. மசேநிதி (மத்திய சேமநிதி) போக மாதம் 4,600 வெள்ளி கைக்கு வருகிறது. சேமிப்பு 48,000 வெள்ளி. பள்ளி நாளிலிருந்தே டர்போ கார் மீது ஆசை. இப்போது இரண்டு பழைய கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2009-இல் பதிவான மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 10 (எவோ). எஸ்எஸ்டி எனும் தானியங்கி கியர்பாக்ஸ், விலை 72,000 வெள்ளி, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) இன்னும் 48 மாதம் இருக்கிறது. மற்றது 2011-இல் பதிவான சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ 2.5 லிட்டர், மேனுவல். விலை 88,000, சிஓஇ 62 மாதம். இரண்டுக்கும் பத்தாண்டு சிஓஇ புதுப்பித்திருக்கிறார்கள். அதற்குக் கட்டிய தொகை எவோவுக்கு 40,000, எஸ்டிஐக்கு 42,000. இரண்டில் எதை எடுத்தாலும் தவணை மாதம் 1,010 வெள்ளி பக்கம்தான் வரும் என்கிறார் விற்பனையாளர். இன்னும் இரண்டு வருடத்தில் பிடிஓ (அரசு கட்டித் தரும்) வீட்டுச் சாவி கிடைக்கும். என் வருங்கால மனைவியிடம் 3ஏ (தானியங்கி கார் மட்டும் ஓட்டும்) உரிமம்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: விற்பனையாளர் தவணையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இந்த வகைக் கார்களின் பொதுச் சந்தை மதிப்பு (ஓஎம்வி) 20,000 வெள்ளியைத் தாண்டும் என்பதால், விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன் கிடைக்கும். எவோவுக்கு 28,800 வெள்ளியும் எஸ்டிஐக்கு 35,200 வெள்ளியும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்தால் எவோவுக்கு நான்கு வருடத்தில் மாதம் 1,008, எஸ்டிஐக்கு ஐந்து வருடத்தில் 1,012 வெள்ளி வரும். அந்த 3 விழுக்காடு முதல் நாள் கடன் தொகைக்கே கடைசி வரை போடப்படும் வட்டி. நீங்கள் கடனை அடைத்துக்கொண்டே வருவதால் உண்மையில் கொடுப்பது ஐந்தரை விழுக்காட்டுக்கும் மேல்.

இனி ஒரு வருடத்துக்கு எவ்வளவு கரைகிறது என்று பாருங்கள். சிஓஇ முடியும்போது காரின் மதிப்பு பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருடம் தாண்டி சிஓஇ புதுப்பித்த காருக்கு பார்ஃப் தள்ளுபடி (பதிவை ரத்து செய்யும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைப்பது) கிடையாது. எவோ வருடத்துக்கு 18,000 வெள்ளி தேய்கிறது, எஸ்டிஐ சுமார் 17,000. சாலை வரியில் எஸ்டிஐ பின்தங்குகிறது. 2,457 சிசி இன்ஜின், அதற்கு மேல் பழைய வண்டிக்கான 50 விழுக்காடு கூடுதல் கட்டணம், ஆக வருடம் 2,622 வெள்ளி. எவோவின் 1,998 சிசிக்கு 1,815 வெள்ளி. வட்டியையும் சேர்த்தால் இரண்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 21,100 முதல் 21,200 வெள்ளிக்குள் வந்து நிற்கின்றன. வித்தியாசம் நூறு வெள்ளி அளவுதான். ஆகவே வருடச் செலவை வைத்து உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஏதாவது கெட்டுப்போனால் என்ன ஆகும், பாதியில் விற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எவோவுக்கு நீங்கள் 72,000 கொடுக்கிறீர்கள். நாளைக்கே இன்ஜின் போய், பதிவை ரத்து செய்தால் நிலப் போக்குவரத்து ஆணையம் திருப்பித் தருவது, முன்பு கட்டிய 40,000-இல் மிச்சமுள்ள 48 மாதத்துக்கான பங்கு மட்டும். அது 16,000 வெள்ளி. எஸ்டிஐக்கு அதே கணக்கில் 21,700. மீதி 56,000, 66,300 எல்லாம் இன்றைய சந்தை கொடுக்கும் விலை. புது சிஓஇ விலை ஏறியிருப்பதால்தான் பழைய சிஓஇக்கு இவ்வளவு மதிப்பு. பெரிய இன்ஜின் கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. அது இறங்கினால் உங்கள் காரின் விலையும் கூடவே இறங்கும், வங்கிக் கடன் இறங்காது. இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. ஆனால் 48,000 வெள்ளி சேமிப்பை வைத்துக்கொண்டு இந்த அளவு ஆபத்தை எடுக்கிறோம் என்று தெரிந்தே நீங்கள் இறங்க வேண்டும்.

இயந்திரப் பக்கம் வருவோம். எவோ 10-இன் 4பி11 இன்ஜின் நல்ல இன்ஜின், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். எனக்குக் கவலை எஸ்எஸ்டி கியர்பாக்ஸ்தான். இரட்டை கிளட்ச், கடுமையாக ஓட்டினால் சூடேறும். எண்ணெயும் ஃபில்டரும் காலத்தில் மாற்றாத வண்டியில் பிரச்சினை வந்தால் சின்னச் செலவோடு முடியாது. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் ஏஒய்சி அமைப்பின் பம்ப் துருப்பிடித்துப் போவதும் எவோ ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எஸ்டிஐயிலோ கியர்பாக்ஸ் உறுதியானது, இன்ஜினில்தான் கண் வைக்க வேண்டும். அந்த 2.5 லிட்டர் பாக்ஸர் இன்ஜினில் பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே உள்ள விளிம்பு உடைவது பேர்போன நோய். குறிப்பாக, இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றி பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றி ஓட்டிய வண்டிகளில். கேஸ்கெட் கசிவையும், டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இன்ஜினைப் பிரித்துக் கட்டினால் செலவு ஐந்திலக்கத்துக்குப் போகும். ஆனால் எஸ்டிஐயின் நோயை வாங்குவதற்கு முன்பே கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட் (இன்ஜினுக்குள் அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்ற சோதனைகள்) வைத்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எஸ்எஸ்டி எத்தனை மாதம் தாங்கும் என்பதை அப்படிச் சோதித்துச் சொல்ல முடியாது.

பாதியில் விற்பதைப் பற்றியும் யோசியுங்கள். உங்கள் நிலையில் அது நடக்கக்கூடியதுதான். வீட்டுச் சாவி வரும்போது எவோவுக்கு 24 மாதம்தான் மிச்சம் இருக்கும். அதை வாங்க வருபவருக்கும் கடன் காலம் சிஓஇ முடியும் வரைதான். இரண்டே வருடத்தில் அடைக்க வேண்டிய கடன் என்றால் தவணை எகிறும், வாங்க ஆள் குறையும், விலையை அடித்துக் கேட்பார்கள். எஸ்டிஐக்கு அப்போதும் 38 மாதம் இருக்கும்.

ஆகவே இரண்டில் ஒன்று என்றால் எஸ்டிஐதான். 3ஏ உரிமத்தில் மேனுவல் ஓட்ட முடியாது என்பது உண்மைதான். அதற்காக மட்டும் பதினாறு வயது எஸ்எஸ்டியை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்றைக்கு வாங்காதீர்கள். எஸ்டிஐக்கு முன்பணம் போட்டபின் உங்களிடம் 12,800 வெள்ளி மிஞ்சும். காப்புறுதி அதிலிருந்துதான் போக வேண்டும். தவணை, சாலை வரி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கூரையுள்ள நிறுத்துமிடத்துக்கு 110 வெள்ளி, இந்த மூன்றுமே மாதம் 1,340 ஆகிவிடும். காப்புறுதி, 98 பெட்ரோல், இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்), சர்வீஸ் எல்லாம் இதற்கு மேல். ஜோகூரில் பெட்ரோல் போட்டுச் சமாளிக்கலாம் என்ற கணக்கும் வேண்டாம். இங்கிருந்து புறப்படும்போதே முக்கால் டாங்க் இருக்க வேண்டும், அங்கே ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்பதில்லை. வீட்டுக்கு வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால் மாத வருமானத்தில் 55 விழுக்காடு என்ற மொத்தக் கடன் வரம்புக்குள் இந்த 1,012 வெள்ளித் தவணையும் வந்து உட்காரும். புது வீட்டுக்கு மின்விசிறி, அலமாரி, தரை வேலை என்று பணம் கேட்கப்போகும் நேரத்தில் கார் இன்ஜினும் பணம் கேட்டால் எங்கே போவீர்கள்?

என் நிபந்தனை இதுதான்: முன்பணமும் முதல் வருடக் காப்புறுதியும் கட்டியபின், வீட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தொடாமல், பழுதுக்கென 15,000 வெள்ளி தனியாக இருக்க வேண்டும். சாவி வாங்கி, வீடு செய்து முடித்தபின் அந்த நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். அதற்குள் இந்த எஸ்டிஐ போய்விடுமே என்று பதற வேண்டாம். வேறொன்று வரும். அது எந்த வண்டியானாலும் சிஓஇயைப் பத்து வருடத்துக்குப் புதுப்பித்ததா, ஐந்து வருடத்துக்கா என்று கேளுங்கள். ஐந்து வருடம் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது.

முன்பணம் கொடுக்கும் முன் காப்புறுதிக்கு விலை கேட்டுவிடுங்கள். இந்த வயது டர்போ கார்களை எடுக்கத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் கிடைத்தால், உங்கள் தவறால் கார் நொறுங்கும்போது கையில் மிஞ்சுவது அந்தச் சிஓஇ பங்கு மட்டும்தான். விற்பனையாளருக்குச் சம்பந்தமில்லாத பட்டறையில், உங்கள் செலவில், கம்ப்ரஷன் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் ஒத்துக்கொள்வார். மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.