ரெவிட்டில் 3000 அறை 2970 என்று காட்டுகிறது

கட்டடப் படம் வரையும் மென்பொருளான ரெவிட்டில் 3000 மி.மீ. அறைக்கு அளவு போட்டால் 2970 வருகிறதென்று சுவரை நகர்த்த வேண்டாம். அளவுக்கோடு சீமெந்துப் பூச்சின் முகத்தைப் பிடித்திருக்கிறது. இரு பக்கமும் 15 மி.மீ. பூச்சு என்றால் 30 குறைவது சரிதான். உங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குப் பூச்சைச் சேர்க்காமல் கல்லுக்குக் கல் 3000 தானே கேட்டிருக்கிறார்கள்?

அளவுக்கோட்டைத் தேர்ந்து ‘எடிட் விட்னஸ் லைன்ஸ்’ கொடுங்கள். கல்லின் முகம் மினுங்கும்வரை டாப் விசையைத் தட்டிக் கிளிக் செய்யுங்கள். பிறகு பழைய பூச்சு முகத்தைக் கிளிக் செய்தால் அது கழன்றுவிடும். மற்றப் பக்கமும் அப்படியே. வெற்றிடத்தில் ஒரு கிளிக், முடிந்தது. இனிப் போடும் அளவுகளுக்கு மேல் பட்டையில் ‘ஃபேசஸ் ஆஃப் கோர்’ (பூச்சில்லாத கல்லின் முகங்கள்) வைத்துவிடுங்கள்.

அப்படியும் 2970 தான் வருகிறதா? சுவரின் ‘எடிட் டைப்’, ‘ஸ்ட்ரக்சர்’ போய்ப் பாருங்கள். பூச்சு அடுக்கு ‘கோர் பவுண்டரி’க்கு, அதாவது கல்லின் எல்லைக்கு, உள்ளே மாட்டியிருக்கும், வெளியே நகர்த்துங்கள். யாரிடமோ வாங்கிய டெம்ப்ளேட்டில் எனக்கும் இதே கூத்து, அரைநாள் போனது.

எண்ணை மட்டும் 3000 என்று மாற்றி எழுதலாமென்று நினைக்காதீர்கள், ரெவிட் விடாது. அப்புறம், அலுமாரி செய்பவருக்குக் கொடுக்கும் படத்தில் பூச்சுக்குப் பூச்சு அளவான 2970 தான் இருக்க வேண்டும்.