அப்பம்மாவின் குரலைப் பதிவுசெய்யும் மகளுக்கு எந்தக் கற்கைநெறி?

மதிப்புக்குரிய ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உயர்தரத்தில் சித்திரமும் தமிழும் ஊடகக் கற்கையும் எடுத்த மகள் டிஜிட்டல் ஊடகக் கலை படித்தால் பிழைக்க முடியுமா என்பது நீங்கள் கேட்டது. ஞாபகம் மங்கிவரும் அப்பம்மாவுக்கு உணவூட்டி, மருந்து கொடுத்து, இடையிடையே அவருடைய பேச்சையும் ஓலைப்பெட்டி இழைக்கும் கைகளையும் பதிவுசெய்து, யாழ்ப்பாணத்து வீட்டின் பழைய ஒளிப்படங்களோடு சேர்த்து அறைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டுவதெல்லாம் கலையாகுமா என்பது நீங்கள் கேட்கத் தயங்கியது. இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன்.

ஆகும். நியூயோர்க்கைச் சேர்ந்த மியர்ல் லேடர்மன் யூக்லீஸ் என்ற கலைஞர், தாயான பின்பு, சமைப்பதும் துடைப்பதும் பராமரிப்பதுமே இனித் தன் கலை என்று 1969 இல் ஓர் அறிக்கை எழுதினார். பின்னர் அந்நகரின் துப்புரவுப் பணியாளர்கள் 8,500 பேருக்கும் மேற்பட்டோரை நேரில் சந்தித்து, ஒவ்வொருவருடைய கையையும் குலுக்கி நன்றி சொல்வதையே ஒரு படைப்பாகச் செய்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் இருக்கிறார், இடம்பெயர்ந்த மக்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்து கொடுத்த படங்களை வைத்து அவர் செய்த பணி, உங்கள் மகள் தொட்டிருக்கும் விடயத்துக்கு மிக அருகில் நிற்கிறது. கொழும்பில் 2019 இன் இறுதியில் தொடங்கப்பட்ட நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் மூன்று மொழிகளிலும் இயங்குகிறது. 2013 முதல் நடந்துவரும் கொலம்போஸ்கோப் கலைவிழாவும் இத்தகைய ஆக்கங்களுக்கு இடமளிக்கிறது. ஒருமுறையேனும் மகளோடு நீங்களும் போய்ப் பாருங்கள். போகாமலே அபிப்பிராயம் சொல்லும் பெற்றோரை நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆனால் விடயம் நல்லது என்பதால் மட்டும் ஆக்கம் நல்லதாகிவிடாது. முதியவரின் சுருங்கிய கைகளை அண்மைக் காட்சியில் எடுத்து, பின்னணியில் சோகமான வயலின் இசையைச் சேர்த்தால் பார்ப்பவர் கண் கலங்குவார், தேர்வாளர் கலங்கமாட்டார். அப்பம்மா ஒரே கதையை மூன்று விதமாகச் சொல்லும்போது அந்த மூன்றையும் வைத்திருப்பதா, எந்த இடத்தில் ஒலியை நிறுத்துவது, யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டறியாத ஒருவருக்குத் துணைத்தலைப்பு இடுவதா அல்லது புரியாமலே விடுவதா என்பன போன்ற முடிவுகளில்தான் பண்பாட்டு அடையாளம் பற்றிய சிந்தனை வெளிப்படுகிறது. குத்துவிளக்கும் கோலமும் திரையில் வருவதால் அது வெளிப்படுவதில்லை. வானொலியிலிருந்து எடுத்த பழைய பாடல்களைச் சேர்ப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆக்கியோனின் ஆயுட்காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும்.

இதைவிடப் பாரதூரமான விடயம் அப்பம்மாவின் சம்மதம். ஞாபகம் தெளிவாக இருக்கும் வேளைகளில், தன் தாய்மொழியில், பதிவு யாருக்குக் காட்டப்படும் என்பதை அவர் கேட்டறிந்து உடன்பட வேண்டும். அந்த உடன்பாட்டை ஒருமுறை பெற்றால் போதாது, ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கமரா நிற்க வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, குழப்பத்தில் அழுவது போன்றவை எவ்வளவு வலிமையான காட்சிகளாக இருந்தாலும் வெளியே போகக் கூடாது. முகநூலில் ஒன்றையும் இப்போது போட வேண்டாம். மூலப் பதிவுகளை இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் வைத்து, திகதி, இடம், பேசுபவர், பேசப்பட்ட ஊரின் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு கோப்போடும் எழுதி வைக்கும் பழக்கம் மகளுக்கு இப்போதே வரட்டும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் போன்ற ஆவணப்படுத்தல் முயற்சிகளில் பணியாற்ற விரும்புவோருக்கு இந்தப் பழக்கமே அரைவாசித் தகுதி.

உங்களுக்குச் சற்று உறுத்தலாக இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலான நீண்ட காத்திருப்பில், வீட்டிலிருக்கும் மகளின் தலையில் முதியவரின் பராமரிப்பு முழுவதும் மெல்ல மெல்ல இறங்கிவிடுகிறது. "அவளுக்கு அப்பம்மாவில் நல்ல பாசம், படமும் எடுக்கிறாள்தானே" என்பது அதற்கு வசதியான நியாயமாகிவிடும். கிழமையில் சில முழு நாட்களையாவது நீங்களும் மற்றவர்களும் பொறுப்பேற்று மகளை விடுவியுங்கள். எடுத்ததைத் தொகுப்பதற்கும் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்வதற்கும் வேறு நேரம் கிடையாது.

கற்கைநெறிகளைப் பொறுத்தவரை, தமிழ்மொழியில் கற்பதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திரமும் வடிவமைப்பும் சார்ந்த கற்கையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலுள்ள கட்புலத் தொழில்நுட்பக் கலைகள் துறையும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் துணிவுள்ளவருக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டம் உண்டு. இவற்றுக்கு உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகங்கள் தனியாக அறிவிக்கும் உளச்சார்புப் பரீட்சைக்கும் விண்ணப்பித்துச் சித்தியடைய வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிவிட்டு இதைத் தவறவிடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். தனியார் நிறுவனங்கள் பக்கம் போவதானால், பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா என்பதை எழுத்தில் பார்த்த பிறகே முற்பணம் கட்டுங்கள்.

பிழைப்பு? கண்காட்சிகளை மட்டும் நம்பி ஆரம்ப ஆண்டுகளில் கொழும்பில் வாடகை கட்ட முடியாது என்று மகளிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் இப்போது கற்றுக்கொண்டிருப்பவை காணொளித் தொகுப்பு, ஒலிப்பதிவு, அசைவூட்டம், நேர்காணல் ஆகியன. விளம்பர நிறுவனம், தொலைக்காட்சி, செயலி வடிவமைப்பு, தொண்டு நிறுவன ஆவணப்படுத்தல் என்று இவற்றுக்குக் கூலி தரும் இடங்கள் பல. தமிழைப் பிழையின்றித் திரையில் அமைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. காலி வீதிப் பெயர்ப்பலகைகளே அதற்குச் சாட்சி. சிங்களமும் பேச வருமானால் அவருக்குப் போட்டியாளர் இன்னும் குறைவர்.

விலையுயர்ந்த கமரா வாங்க வேண்டாம். கைத்தொலைபேசியோடு ஒரு நல்ல வெளி ஒலிவாங்கியும், அசைவூட்டத்துக்கும் காணொளித் தொகுப்புக்கும் பிளெண்டர், ஒலித் தொகுப்புக்கு ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள்களும் போதும். பத்து நிமிடத்துக்கு மேற்படாத ஒரு முழுமையான ஆக்கத்தை முடித்து, அதை ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு பக்கத்தில் தமிழிலும் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டு அவர் என்னிடம் வரட்டும். நீங்களும் கூட வாருங்கள்; அதைப் பார்த்த பிறகு எந்தப் பல்கலைக்கழகத்தை முதல் தெரிவாக இடுவது என்பதை மூவருமாக இருந்து முடிவு செய்யலாம்.